கருப்பனுக்கு இரண்டு முறை எடுத்த சிடி ஸ்கேன்

ரத்தத்தை முதலில் பார்த்தது சுவரில்தான். வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்தில், யாரோ வெற்றிலை எச்சிலைத் தெளித்தது போலப் பொட்டுப் பொட்டாக இருந்தது. மகள் கிரேயானில் கிறுக்கிவிட்டாள் என்று நினைத்து அவளைக் கூப்பிட்டு அதட்டவும் செய்தேன். அப்போதுதான் கருப்பன் வந்து என் காலடியில் நின்று இன்னொரு முறை தும்மினான். வலது மூக்கிலிருந்து ஒரே ஒரு சொட்டு ரத்தம். அது அக்டோபர் மாதம். அவனுக்கு ஒன்பது வயது. பாதி லேப்ரடார், மீதி என்னவென்று யாருக்கும் தெரியாது. நீளமான மூக்கு, உடம்பு முழுக்கக் கன்னங்கரேலென்ற முடி.

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கத்தில் பிளேனோவில். சுற்றிலும் தமிழர்கள் ஏராளம். பள்ளிக்கூடம், வீட்டுக்கடன், விசா என்று எதைக் கேட்டாலும் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். நாய்க்குப் புற்றுநோய் வந்தால் எங்கே போவது, எதை முதலில் செய்வது, எவ்வளவு ஆகும் என்று கேட்க ஒருவர்கூட இல்லை. நான் எல்லாவற்றையும் தப்பான வரிசையில் செய்தேன். அந்த வரிசைக் குழப்பத்தில் மட்டும் ஏறக்குறைய 4,000 டாலரும் நான்கு மாதமும் போயின. அடுத்து வருகிறவருக்காவது அது மிச்சமாகட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வழக்கமாகப் போகும் கால்நடை மருத்துவர் மூக்கில் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் நின்றது. மூன்றாவது வாரம் திரும்ப வந்தது. வேறு மாத்திரை, அதற்கும் நின்று மறுபடி வந்தது. மூன்றாவது மாத்திரைக்கும் அதே கதைதான். நின்றதால்தான் நான் ஏமாந்தேன். மூக்குக்குள் கட்டி இருந்தாலும் அதன் மேல் கிருமி சேரும். மருந்து கிருமியை அடக்கியதும் ஒழுகல் குறையும். கட்டி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். இது எனக்குப் பிப்ரவரியில் தெரிந்தது, அக்டோபரில் தெரிந்திருக்க வேண்டும். வயதான நாய்க்கு ஒரே ஒரு பக்க மூக்கில் ரத்தமோ சளியோ வந்து, மருந்துக்கு நின்று, திரும்பவும் அதே பக்கம் வந்தால், இரண்டாவது ஆன்டிபயாட்டிக் சீட்டை வாங்கும்போதே “ஸ்கேன் எடுக்கலாமா?” என்று நீங்களே கேளுங்கள். நான் கேட்கவில்லை. டிசம்பர் கடைசியில் பல் வேரில் சீழ் இருக்கலாம் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்து, பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். 1,180 டாலர். மேல் வரிசைப் பல்லின் வேர் மூக்கை ஒட்டியே இருப்பதால் அப்படியும் ரத்தம் வருவதுண்டு. அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் பல்லைப் பிடுங்கிய பத்தாம் நாள் சுவரில் மறுபடி பொட்டுகள்.

இதற்கிடையில் நவம்பரில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். செலவு கூடும் போலிருக்கிறதே என்று செல்லப்பிராணிக் காப்பீடு எடுத்தேன். ஜனவரியில் ரசீதுகளை அனுப்பினால், அக்டோபர் மருத்துவக் குறிப்பில் ‘மூக்கில் ரத்தம்’ என்று இருக்கிறது, ஆகவே இது பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். நோய்க்கு அப்போது பெயர்கூட வைக்கவில்லை. அறிகுறி எழுதப்பட்டிருந்ததே போதுமாக இருந்தது. காப்பீடு எடுப்பதானால் குட்டியாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். தும்மல் வந்த பிறகு எடுப்பது வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுகிற கதை.

ஜனவரி நடுவில் ஊரிலேயே இருந்த ஒரு சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே நான் எம்ஆர்ஐதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என் முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எடுத்திருக்கிறார்கள், அதுதானே உசத்தி என்ற நினைப்பு. அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். எக்ஸ்ரேயில் இடது மூக்கு, வலது மூக்கு, தாடை, பல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே படத்தில் விழுந்துவிடும். சிடி என்பது வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் பார்ப்பது மாதிரி. மூக்குக்குள் இருக்கும் சுருள் எலும்பு எங்கே அரித்திருக்கிறது, மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் சல்லடை எலும்பு முழுசாக இருக்கிறதா என்பது அதில் தெளிவாகத் தெரியும். எம்ஆர்ஐ மூளை, தண்டுவடம் மாதிரி மென்மையான திசுவுக்கு. வலிப்பு வருகிற நாய்க்கு அதைக் கேட்கலாம், மூக்குக்கு முதலில் சிடி. எதுவானாலும் நாய் அசையாமல் படுக்காது என்பதால் மயக்க மருந்து உண்டு. முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது, தண்ணீர் பரவாயில்லை என்றார்கள். நரம்பில் ஏற்றும் சாய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அதனால் ரத்தப் பரிசோதனையை முன்பே முடித்து வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் பாதி நாள் அதிலேயே போகும்.

ஸ்கேன் 2,350 டாலர். வலது மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. சல்லடை எலும்பைத் தொட்டிருந்தது, தாண்டவில்லை. படத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது, பூஞ்சையாகவும் இருக்கலாம், கட்டியில் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அதாவது பயாப்சி வேண்டும் என்றார்கள். சரி, எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அதற்கு வேறொரு நாள், வேறொரு மருத்துவர். பத்து நாள் கழித்து மறுபடி பட்டினி, மறுபடி மயக்க மருந்து, 1,420 டாலர். அவன் ஏற்கனவே மேசையில் மயங்கிக் கிடந்தபோதே ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை. நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மார்பையும் அதே ஸ்கேனில் சேர்த்து எடுத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பார்களோ என்னவோ. தேதி வாங்கும்போதே “கட்டி தெரிந்தால் அதே மயக்கத்தில் பயாப்சி எடுப்பீர்களா? மார்பையும் சேர்த்து எடுப்பீர்களா?” என்று கேட்டு, இரண்டுக்கும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பயாப்சி முடிவு ஒரு வாரம் கழித்து வந்தது. அடினோகார்சினோமா, சுரப்பித் திசுவில் தொடங்கும் புற்றுநோய். அலுவலக மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை அணைத்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்தேன். நாய்க்காக அழுவது வெளியே சொல்ல வெட்கமான விஷயம் நம் ஆட்களிடம். அம்மாவிடம் சொன்னபோது, “வாயில்லா ஜீவன்டா அது. அதப் போட்டு ஏன்டா பாடாப் படுத்துற?” என்றாள். கல்நெஞ்சக்காரி இல்லை. நான் புரசைவாக்கத்தில் சிறுவனாக இருந்தபோது, தெருநாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றவள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

பதிலைத் தேடி மூன்று மணி நேரம் காரோட்டிப் போனேன். இந்தக் கட்டிக்குச் சிகிச்சை ரேடியேஷன், அதாவது கதிர் பாய்ச்சிக் கட்டியைச் சுருக்குவது. அதைக் கொடுக்கும் இயந்திரம் எல்லா ஊரிலும் இருக்காது. பெரும்பாலும் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சில பெரிய தனியார் இடங்களிலும்தான். அங்கே இருந்த ரேடியேஷன் மருத்துவர் என்னிடம் முதலில் படத்தைக் கேட்கவில்லை. குளிர்பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துவந்து கருப்பனின் மூக்குக்கு முன்னால் பிடித்தார். மூச்சு பட்டுக் கண்ணாடியில் பனி படிந்தது. இரண்டு வட்டம் விழ வேண்டிய இடத்தில் ஒன்றுதான் விழுந்தது. “இதை யாராவது செய்து பார்த்தார்களா?” என்றார். யாரும் செய்யவில்லை. மூன்று ஆன்டிபயாட்டிக், ஒரு பல், ஒரு எக்ஸ்ரே, காசே இல்லாத இந்தப் பரிசோதனை மட்டும் இல்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. வீட்டிலேயே செய்யலாம்: ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, நாய் வாயை மூடியிருக்கும்போது மூக்கருகே பிடியுங்கள். ஒரு பக்கம் பனி படியவே இல்லை என்றால் அங்கே ஏதோ அடைப்பு இருக்கிறது. சளியாகக்கூட இருக்கலாம், ஆனால் மருத்துவரிடம் சொல்ல உங்கள் கையில் ஒரு தகவல் இருக்கும்.

அடுத்து அவர் சொன்னதுதான் தலையில் இடி. சிகிச்சைக்கு முன் இன்னொரு சிடி எடுக்க வேண்டும். ஏற்கனவே எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டுதானே வந்திருக்கிறேன் என்றேன். அது நோயைக் கண்டுபிடிக்க எடுத்தது, இது குறிபார்க்க எடுப்பது என்றார். கட்டிக்கு விரற்கடைத் தூரத்தில் கண்ணும் மூளையும் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் வம்பு. அதனால் மேல்வரிசைப் பல்லுக்கு அச்சு எடுத்து, அதை ஒரு சட்டத்தில் கடிக்க வைத்து, காற்றை உறிஞ்சினால் உடம்பின் வடிவத்துக்கு இறுகிக்கொள்ளும் மெத்தையில் கிடத்தி ஸ்கேன் எடுப்பார்கள். சிகிச்சை நாளில் அதே அச்சு, அதே மெத்தை, அதே கிடை. முதல் ஸ்கேன் எடுத்த மேசை நடுவில் குழிந்தது, ரேடியேஷன் மேசை தட்டையானது. தலை அன்று எப்படித் திரும்பியிருந்ததோ அப்படியே மறுபடி வைக்க வழியில்லை. போதாததற்குப் படம் ஒரு மாதம் பழசு, கட்டி அதே அளவில் காத்துக்கொண்டிருக்காது. ஆக, ஆலோசனைக் கட்டணமும் இரண்டாவது சிடியும் சேர்த்து 2,100 டாலர்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மூக்கிலோ மூளையிலோ கட்டி என்று சந்தேகம் வந்தால், ரேடியேஷன் வசதி இருக்கும் இடத்திலேயே முதல் ஸ்கேனை எடுக்க முடியுமா என்று பாருங்கள். தூரமாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் ஸ்கேனையே சிகிச்சைக்கு உரிய கிடையில் எடுத்து, அங்கேயே பயாப்சியும் செய்தால் ஒரே மயக்கத்தில் மூன்று வேலை முடிந்துவிட வாய்ப்பு உண்டு. அது முடியாமல் உள்ளூரிலேயே எடுத்தாலும், எடுப்பதற்கு முன் ரேடியேஷன் மருத்துவமனைக்கு ஒரு ஃபோன் போட்டு, “இந்தப் படம் உங்களுக்கு உதவுமா?” என்று கேளுங்கள். அந்த ஐந்து நிமிட ஃபோனை நான் போடவில்லை.

இனி முடிவு எடுத்த கதை. அந்த மருத்துவர் எதையும் மழுப்பவில்லை. 2006ல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். மூக்கில் இந்த வகைப் புற்றுநோய் வந்து சிகிச்சை எடுக்காத 139 நாய்களைப் பார்த்ததில், பாதி நாய்கள் 95 நாளுக்குள் போய்விட்டன; மூக்கில் ரத்தம் வந்தவை என்று தனியாகப் பார்த்தால் 88 நாள். ரேடியேஷன் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டி, சிலவற்றுக்கு அதற்கும் மேல் என்றார். “குணமாகும்” என்ற வார்த்தையை அவர் ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. நான் அதைக் கவனித்தேன், என் மனைவி கவனித்தாள், இருவரும் காரில் ஏறும் வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

வழிகள் மூன்று. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் என்று நான்கு வாரம், சின்னச் சின்ன அளவாகக் கொடுப்பது. மொத்தம் இருபது முறை, இருபது முறையும் மயக்க மருந்து. இரண்டாவது, ஸ்டீரியோடாக்டிக் முறை. குறியை மிகத் துல்லியமாக வைத்து, பெரிய அளவில் மூன்றே நாள். மூன்றாவது, வலியையும் ரத்தத்தையும் குறைக்க மட்டும் வாரம் ஒன்றாகச் சில முறை. எதுவும் செய்யாமல் வலி மாத்திரையோடு விடுவதும் ஒரு வழிதான், அதைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் மூன்று நாளைத் தேர்ந்தெடுத்தோம். உண்மையான காரணம் மருத்துவக் காரணம் இல்லை. எனக்கு நான்கு வாரம் லீவு கிடைக்காது. 8,900 டாலர். இந்தியாவுக்கு நான்கு பேர் போய்வரலாம் என்று நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார். மனைவி அவருக்குக் காபியை ஊற்றிக்கொண்டே, “அவன் எங்களோட ஒன்பது வருஷம் இருக்கான்ங்க, இந்தியா எங்கேயும் போயிடாது” என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எடுக்கவில்லை.

மருத்துவச் செலவுக்கென்றே தரும் கடன் அட்டை ஒன்றை மருத்துவமனையிலேயே நீட்டுவார்கள். ஒரு வருடம் வட்டி இல்லை என்று எழுதியிருக்கும். அந்தக் கெடுவுக்குள் கடைசி டாலர் வரை கட்டாவிட்டால், முதல் நாளிலிருந்தே வட்டியைக் கணக்கிட்டுப் போடும் திட்டங்கள் அதில் உண்டு. பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பல்கலைக்கழக மருத்துவமனையானால், ஏதாவது ஆய்வில் சேர்த்துக்கொண்டு செலவைக் குறைக்க வழியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

திட்டம் போட ஒரு வாரம் ஆனது. மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் கணினியில் உட்கார்ந்து, கதிர் எந்தக் கோணத்தில் நுழைந்தால் கண் தப்பும் என்று பார்த்துப் பார்த்துப் போடும் வேலை. பிறகு பிப்ரவரி கடைசியில் மூன்று நாள், நாளுக்கு 10 கிரே (கதிரை அளக்கும் அலகு). நாயை அனுமதிக்கும் விடுதியில் அறை எடுத்தோம். காலை ஏழரைக்கு விட்டால் மதியம் ஒரு மணிக்குத் தருவார்கள். இயந்திரம், மனிதர்களுக்கு ரேடியேஷன் கொடுக்கும் அதே வகை லீனியர் ஆக்சிலரேட்டர்தான். கதிர் பாயும் நேரம் சில நிமிடங்கள், மீதியெல்லாம் மயக்குவதும் கிடத்துவதும் எழுப்புவதும். முதல் நாள் வெளியே வந்தவன் குடித்துவிட்டு வந்த ஆள் போலத் தள்ளாடினான். தொண்டையில் குழாய் விட்டதால் இரண்டு நாள் இருமல். பக்கத்து வீட்டுப் பெண் கர்ப்பமாக இருந்தாள், நாயைத் தொடலாமா என்று பயந்துகொண்டே கேட்டாள். தொடலாம். இயந்திரத்தை அணைத்ததும் கதிர் நின்றுவிடும், நாயின் உடம்பில் எதுவும் தங்காது. தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் ஊசி போட்டுக்கொள்ளும் பூனைகள் கதை வேறு. அலுவலக நண்பரின் பூனையைச் சில நாள் மருத்துவமனையிலேயே தனியாக வைத்திருந்துதான் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்தும் அதன் கழிவுமண்ணைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

மூன்று நாளும் சுலபமாகப் போனதும் நாங்கள் தப்பித்துவிட்டோம் என்று நினைத்தோம். இரண்டாவது வாரம் தொடங்கியது வேதனை. மூக்கில் கெட்டிச் சளி, அண்ணத்தில் புண், வலது கண் காய்ந்து சிவந்தது. சாப்பாட்டுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே படுத்துக்கொள்வான். “அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ?” என்று அந்த வாரம் எனக்கு ஒவ்வொரு ராத்திரியும் தோன்றியது. பின்விளைவு உடனே வராது, சில நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். ஆகவே லீவைச் சிகிச்சை நாட்களுக்கே செலவழித்துவிடாமல் இரண்டாவது வாரத்துக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யாரைக் கூப்பிடுவது, அந்த அவசரச் செலவு சிகிச்சைத் தொகையில் அடங்குமா தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குத் தனி. கடைசியில் அவன் சாப்பிட்டது உப்புப் போடாத, குழைய வடித்த, குளிர்ந்த தயிர் சாதம். ரசம் சாதம் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது.

மாத்திரையில் இரண்டு எச்சரிக்கை. வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்திருக்கும்போது, வீட்டில் மிச்சமிருந்த பழைய வலி மாத்திரையை (வீக்கத்தையும் குறைக்கும் என்எஸ்ஏஐடி வகை) கொடுக்கப் போனேன். ஃபோனிலேயே தடுத்துவிட்டார்கள், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம். இன்னொன்று, வலிக்கு காபாபென்டின் எழுதினார்கள். மாத்திரையை விழுங்கவில்லை என்பதால் மருந்துக்கடையில் திரவமாக வாங்கப் போனேன். மனிதர்களுக்கான அந்தத் திரவத்தில் இனிப்புக்கு சைலிட்டால் சேர்க்கிறார்கள், நாய்க்கு அது விஷம். நல்லவேளை, மருந்தாளுநரே யாருக்கு என்று கேட்டார். சைலிட்டால் இல்லாமல் தனியாகக் கலந்து தரும் கடையில் வாங்கினோம்.

நான்காவது வாரம் பந்தைக் கவ்விக்கொண்டு வந்து என் மடியில் போட்டான். ரத்தம் அதற்கு முன்பே நின்றிருந்தது. தங்குமிடம், பெட்ரோல், கண் மருந்து எல்லாம் சேர்த்து மொத்தம் 17,660 டாலர், ஏழு மயக்க மருந்து. சிகிச்சை முடிந்து இப்போது பதினோரு மாதம். வலது கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது. வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கதிர் பட்ட இடத்தில் முடி உதிர்ந்து, திரும்ப வளர்ந்தபோது தூய வெள்ளையாக வளர்ந்தது. வலது கன்னத்திலிருந்து நெற்றி வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி ஒரு சதுரம். பூங்காவில் பார்ப்பவர்கள் என்ன அழகான அடையாளம், பிறவியிலேயேவா என்று கேட்கிறார்கள். மகள் அவனை வெள்ளையப்பா என்று கூப்பிடுகிறாள். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் டம்ளரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பிடிக்கிறேன். அவனுக்குப் பழகிவிட்டது, எடுத்ததும் வந்து உட்கார்ந்துகொள்வான். இந்த வாரமும் இரண்டு வட்டம் விழுந்தது. வலது பக்கத்து வட்டம் போன வாரத்தைவிடக் கொஞ்சம் சிறியது போலத் தோன்றியது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஃபோன் போட்டு, செக்கப் ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவிட்டேன். மார்பையும் சேர்த்தே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.